ஆய்வகத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுவது?
அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மறைமுகச் செலவு விகிதம்: ஓர் ஆய்வு

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சிக்கு மிக அதிகமாக நிதி வழங்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது அதன் சாரம். ஹார்வர்டு 69 சதவீதம், யேல் 67.5, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 63.7 என்று பெறுவதை என்.ஐ.எச். பட்டியலிட்டுக் காட்டியது. 2023 நிதியாண்டில் தான் வழங்கிய 3,500 கோடி டாலருக்கும் மேற்பட்ட மானியத்தில் ஏறத்தாழ 900 கோடி டாலர் இந்த மறைமுகச் செலவுக்கே போயிற்று என்றும் சொன்னது.

பொதுமக்கள் பார்வையில் இது பகல்கொள்ளையாகத் தெரிந்தது. நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கக் கொடுத்த பணத்தில் 69 சதவீதம் நிர்வாகத்துக்கா என்ற கோபம் எழுந்தது. பல்கலைக்கழகங்களோ இது ஆய்வகங்களையே மூட வைக்கும் என்றன. இருபத்திரண்டு மாநிலங்களும் பல்கலைக்கழக அமைப்புகளும் பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. நீதிபதி ஏஞ்சல் கெல்லி அறிவிப்புக்கு உடனடியாக இடைக்காலத் தடை விதித்து, ஏப்ரலில் அதை நிரந்தரமாக்கினார். 2026 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வழக்கின் முடிவு ஒருபுறம் இருக்கட்டும். 69 என்ற எண்ணை யார் எப்படிக் கணக்கிட்டார்கள், 15 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கூச்சலுக்கிடையே விளக்கியவர்கள் குறைவு. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: இந்த விகிதம் லாபமும் அல்ல, துல்லியமாக அளந்து கண்ட செலவும் அல்ல. கொஞ்சம் அளவை, கொஞ்சம் மரபு, கொஞ்சம் பேரம் மூன்றும் சேர்ந்த ஓர் உடன்பாடு அது. அப்படிப் பார்த்தால்தான் சண்டையின் இரு பக்கமும் புரியும்.

போர்க்காலத்தில் தொடங்கிய ஏற்பாடு

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்க அரசு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பெரிதாகப் பணம் கொடுத்ததில்லை. போர் தொடங்கியதும் ரேடார், பென்சிலின், வெடிபொருள் என எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் தேவைப்பட்டார்கள். வானெவர் புஷ் தலைமையில் அமைந்த அறிவியல் ஆராய்ச்சி மேம்பாட்டு அலுவலகம், அவர்களை அரசு ஊழியர்களாக்காமல் ஒப்பந்தம் போட்டு வேலை வாங்கியது. இந்த வேலையில் பல்கலைக்கழகத்துக்கு லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம் என்பது கொள்கை. ஆய்வாளர் சம்பளத்தையும் கருவிச் செலவையும் தந்துவிட்டால் மட்டும் போதுமா? கட்டடம், விளக்கு, காவல், கணக்குப்பிள்ளை இவற்றுக்கும் செலவாகிறதே. எனவே பல்கலைக்கழகங்களுக்குச் சம்பளத் தொகையில் 50 சதவீதம், தொழில் நிறுவனங்களுக்கு 100 சதவீதம் என்று மேல்செலவு, அதாவது மறைமுகச் செலவு, சேர்த்துக் கொடுத்தார்கள்.

போர் முடிந்ததும் இரு பாதைகள் பிரிந்தன. கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம், 1947இல் வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் உண்மைச் செலவையும் கணக்கிட்டுக் கொடுத்தது. என்.ஐ.எச். பக்கமோ இது ஒப்பந்தம் அல்ல, மானியம்; பல்கலைக்கழகம் தானே விரும்பிச் செய்யும் ஆராய்ச்சிக்கு நாங்கள் உதவுகிறோம், அவ்வளவுதான் என்றது. ஆகவே முதலில் 8 சதவீதம்தான் கொடுத்தது. 1950களின் நடுவில் அது 15 ஆயிற்று, 1963இல் 20 ஆயிற்று. 1966இல் அந்த உச்சவரம்பே நீங்கி, மானியங்களுக்கும் பேசித் தீர்த்த விகிதம் வந்தது. இதற்கிடையில் 1958இல் பட்ஜெட் அலுவலகம் வெளியிட்ட ஏ-21 என்ற சுற்றறிக்கை, எதைச் செலவாகக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதற்கான பொது விதியாயிற்று. அதன் வாரிசான விதித்தொகுப்புதான் 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

ஆராய்ச்சியை அரசு வாங்குகிறதா, அல்லது பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கிறதா என்ற கேள்வி 1940களிலேயே எழுந்தது. வாங்குகிறது என்றால் முழுச் செலவையும் தர வேண்டும். கைகொடுக்கிறது என்றால் முடிந்ததைத் தந்தால் போதும். இந்தக் கேள்விக்கு அமெரிக்கா இன்றுவரை ஒரே பதிலைச் சொன்னதில்லை. விகிதம் பற்றிய ஒவ்வொரு தகராறின் அடியிலும் இதுதான் கிடக்கிறது.

விகிதம் எப்படி உருவாகிறது

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி சம்பளம், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றின் செலவை வீடுகளின் சதுர அடியை வைத்துப் பிரிப்பார்கள். யார் எத்தனை முறை படியேறினார்கள் என்று எண்ணுவதில்லை. பல்கலைக்கழகக் கணக்கும் இந்த வகைதான், ஆனால் பல மடங்கு சிக்கலானது.

முதலில் பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுகளை எல்லாம் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். வசதிகள் என்ற தலைப்பில் கட்டடத் தேய்மானம், கருவித் தேய்மானம், கட்டடக் கடனுக்கான வட்டி, மின்சாரமும் துப்புரவும் உள்ளிட்ட பராமரிப்பு, நூலகம் ஆகியவை வரும். நிர்வாகம் என்ற தலைப்பில் பொது நிர்வாகம், துறை நிர்வாகம், மானியங்களைக் கையாளும் அலுவலகம் ஆகியவை வரும். அடுத்து இந்தத் தொகுதிகளைக் கற்பித்தல், ஆராய்ச்சி, பிற பணிகள் என்று பங்கிடுகிறார்கள். ஆராய்ச்சியின் பங்காக வந்த தொகையை, ஆராய்ச்சிக்கு நேரடியாகச் செலவான தொகையால் வகுத்தால் கிடைப்பதே விகிதம்.

பங்கிடும் வேலையில் மிகப் பெரிய பகுதி இடக் கணக்கெடுப்பு. வளாகத்தின் ஒவ்வோர் அறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாம் மாடியில் ஓர் ஆய்வக அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். இருவருக்குச் சம்பளம் என்.ஐ.எச். மானியத்திலிருந்து வருகிறது. ஒருவர் துறை தரும் உதவித்தொகையில் முனைவர் பட்டம் செய்பவர். நான்காமவர் பட்டப்படிப்பு மாணவர். செய்முறைப் பாடத்துக்காக வருபவர். இந்த அறை ஆராய்ச்சிக்கு எத்தனை சதவீதம், கற்பித்தலுக்கு எத்தனை சதவீதம்? துறை அலுவலகத்தில் ஒருவர் படிவத்தோடு வந்து கேட்கிறார், ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு பதில் சொல்கிறார். ஆராய்ச்சி என்று 75 போட்டால் விகிதம் ஏறும், 50 போட்டால் இறங்கும். அந்த அறையில் யாருடைய சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதோடு பதில் ஒத்துப்போகிறதா என்று அரசுத் தரப்பு பின்னர் சரிபார்க்கும். பெரிய வளாகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான அறைகள் இருக்கும்.

அளக்கவே முடியாதவையும் உண்டு. பேராசிரியர்கள் துறை நிர்வாகத்துக்குச் செலவிடும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? பல ஆண்டுகள் சண்டை போட்டுப் பார்த்த பிறகு, அதற்கு 3.6 சதவீதம் என்று ஒரு தொகையை நிர்ணயித்துப் பேச்சை முடித்துவிட்டார்கள். அளவை எங்கே நிற்கிறதோ அங்கே மரபு தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கணக்கு முடிந்ததும் பல்கலைக்கழகம் தன் முன்மொழிவைக் கூட்டாட்சி அரசிடம் கொடுக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குச் சுகாதாரத் துறையும், சிலவற்றுக்குக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் பொறுப்பு. அங்கே பேரம் நடக்கிறது. 63 கேட்டால் 60 கிடைக்கலாம். உடன்பாடானதும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அந்த விகிதமே பெரும்பாலான கூட்டாட்சி மானியங்களுக்குப் பொருந்தும். வளாகத்துக்கு வெளியே, வாடகைக் கட்டடத்திலோ களத்திலோ நடக்கும் ஆராய்ச்சிக்குக் குறைந்த விகிதம் தனியாக உண்டு. கட்டடச் செலவு அங்கே பல்கலைக்கழகத்தைச் சேராதது என்பதால் அது பெரும்பாலும் 26 சதவீதம்.

ஒரே தொகை, மூன்று சதவீதங்கள்

60 சதவீத விகிதம் என்றால் மானியத்தில் 60 சதவீதம் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது இரண்டு வகையில் தவறு. முதலாவது, இந்தச் சதவீதம் மொத்தத் தொகையின் மேல் அல்ல, நேரடிச் செலவின் மேல் போடப்படுவது. இரண்டாவது, நேரடிச் செலவு முழுவதன் மேலும் அது விழுவதில்லை. விலையுயர்ந்த கருவி, மாணவரின் கல்விக் கட்டணம், நோயாளி சிகிச்சைச் செலவு, வாடகை போன்றவற்றை விதி கழித்துவிடுகிறது. வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகையிலும் முதல் 50,000 டாலர் மட்டுமே கணக்கில் வரும். 2024 அக்டோபர் வரை அது 25,000 ஆக இருந்தது.

ஒரு கற்பனை மானியத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓராண்டுக்குச் சம்பளமும் சலுகைகளும் 1,80,000 டாலர். வேதிப்பொருள் முதலியவை 40,000. பயணம் 5,000. மாணவர் கல்விக் கட்டணம் 25,000. ஒரு நுண்ணோக்கி 1,00,000. கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்கு 75,000. நேரடிச் செலவு மொத்தம் 4,25,000 டாலர். இதில் நுண்ணோக்கி, கல்விக் கட்டணம், கூட்டாளிக்குப் போவதில் 25,000 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 2,75,000. அதன் மேல் 60 சதவீதம் என்றால் 1,65,000 டாலர்.

இப்போது இந்த 1,65,000ஐ எப்படிச் சொல்வது? ஒப்பந்த மொழியில் அது 60 சதவீதம். நேரடிச் செலவு முழுவதோடும் ஒப்பிட்டால் 39 சதவீதம். மானியத்தின் மொத்தத் தொகையான 5,90,000 டாலரில் அது 28 சதவீதம். மூன்றும் உண்மைதான். கண்டிக்க நினைப்பவர் முதல் எண்ணை எடுத்துக்கொள்கிறார், காக்க நினைப்பவர் மூன்றாவதை எடுத்துக்கொள்கிறார். வேளாண் துறையின் சில மானியங்களில் மொத்தத் தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி. நேரடிச் செலவின் மேல் கணக்கிட்டால் அதே 30, 42.857 ஆகிவிடும். எதன் மேல் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது, எத்தனை பேருக்குச் சமையல் என்று சொல்லாமல் அரிசி அளவைச் சொல்வதைப் போல் பயனற்றது.

பியர் அசூலே, டேனியல் கிராஸ், பாவென் சம்பத் ஆகிய பொருளியலாளர்கள் 2025இல் என்.ஐ.எச். மானியங்களை ஆராய்ந்தபோதும் இந்த இடைவெளியே வெளிப்பட்டது. பேசித் தீர்த்த விகிதங்களின் சராசரி 58 சதவீதம். கைக்கு வந்து சேர்ந்ததோ நேரடிச் செலவில் ஏறத்தாழ 42 சதவீதம். விகிதங்கள் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகின்றன என்ற பொதுவான நம்பிக்கைக்கு மாறாக, கையில் கிடைக்கும் இந்த அளவு பல பத்தாண்டுகளாக அவ்வளவாக மாறவில்லை.

ஸ்டான்ஃபோர்டு தந்த அதிர்ச்சி

இந்த ஏற்பாட்டின் மேல் பொதுமக்கள் நம்பிக்கை இழந்தது 1991இல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கடற்படை அலுவலகம் அனுப்பிய கணக்கு அதிகாரி பால் பிடில், பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக அரசிடம் மிகையாக வாங்கியிருக்கிறது என்று புகார் எழுப்பினார். செலவைப் பங்கிடும் முறைகளைப் பற்றி முன்பிருந்த அதிகாரிகள் பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட ஏராளமான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள்தான் அவருடைய முக்கிய இலக்கு. ஆனால் மக்கள் நினைவில் நின்றவை அவை அல்ல. பல்கலைக்கழகத் தலைவர் டொனால்ட் கென்னடியின் அதிகாரபூர்வ இல்லத்துக்கு வாங்கிய மலர்கள், 1,200 டாலர் விலையுள்ள பழங்கால இத்தாலிய மர அலமாரி, இவற்றுக்கும் மேலாக ஓர் உல்லாசப் படகின் தேய்மானம் எல்லாம் மேல்செலவுத் தொகுதிகளில் இடம்பெற்றிருந்தன. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் டிங்கல் தலைமையில் மார்ச் மாதம் நடந்த விசாரணை தொலைக்காட்சிகளில் ஓடியது.

படகுக் கணக்கு தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று பல்கலைக்கழகம் சொல்லித் திருத்திக்கொண்டது. அரசு ஸ்டான்ஃபோர்டின் விகிதத்தை 55.5 சதவீதமாகக் குறைத்தது. கென்னடி பதவி விலகுவதாக அறிவித்தார். வேறு சில பல்கலைக்கழகங்களும் தாமாகவே கணக்கைத் திருத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. ஆனால் 1994இல் வழக்கு முடிந்தபோது மோசடி எதுவும் நிரூபணமாகவில்லை. பிடில் சொன்ன மிகைத்தொகை 20 கோடி டாலர் அளவுக்கு இருந்தது. ஸ்டான்ஃபோர்டு இறுதியில் கட்டியது 12 லட்சம் டாலர்.

அலமாரியும் மலரும் விகிதத்தில் சேர்த்தது மிகச் சொற்பம். சரியா தவறா என்று வாதிட வேண்டியவை நூலகச் செலவையும் பராமரிப்புச் செலவையும் பங்கிட்ட முறைகள்தான். அவற்றைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது என்பதால் அலமாரியைக் காட்டினார்கள். இருந்தாலும் விளைவு பெரியது. அந்த ஆண்டே விதி திருத்தப்பட்டு, நிர்வாகச் செலவுக்கு 26 சதவீத உச்சவரம்பு வந்தது. வசதிகளுக்கு வரம்பு இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த 26 அப்படியே நிற்கிறது. இதற்குள் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான ஒழுங்குமுறை, விலங்குப் பாதுகாப்பு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு, தரவுகளைப் பகிரும் கடமை, ஆராய்ச்சிப் பாதுகாப்பு என்று அரசே புதிது புதிதாக விதிகளைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. அவற்றை நிறைவேற்றும் ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 26ஐத் தொட்டுவிட்டன. அதற்கு மேல் ஆகும் நிர்வாகச் செலவு அவற்றின் சொந்தப் பணம். பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது என்பதால், சில பல்கலைக்கழகங்களின் விகிதப் பட்டியலில் அவற்றுக்கென்று உயர்ந்த எண் ஒன்று தனியாக இருக்கும்.

ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது

நிர்வாகப் பங்கு ஏறத்தாழ எல்லோருக்கும் 26 என்றான பின்பு, ஒருவருக்கு 69, மற்றவருக்கு 50 என்று வேறுபடுவது வசதிகளால்தான். மருத்துவ, உயிரியல் ஆராய்ச்சி மிகுந்த வளாகத்தில் காற்றோட்டமும் குளிரூட்டலும் இரவும் பகலும் ஓட வேண்டும். விலங்குக் கூடங்கள் வேண்டும். பாஸ்டன் போன்ற நகரத்தில் கட்டடமும் மின்சாரமும் விலை அதிகம். புதிதாகக் கட்டினால் தேய்மானமும் வட்டியும் கூடும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பல கட்டடங்கள் மாநில அரசின் பணத்தில் எழுந்தவை. சில மாநிலங்களில் திரும்பி வரும் மேல்செலவின் ஒரு பகுதி மாநிலக் கருவூலத்துக்கே போன காலமும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் விகிதத்தை உயர்த்தப் பல்கலைக்கழகம் ஏன் மெனக்கெட வேண்டும்? எனவே உயர்ந்த விகிதம் ஊதாரித்தனத்தின் அடையாளம் என்றோ, குறைந்த விகிதம் சிக்கனத்தின் அடையாளம் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. கணக்காளரை வைத்து நுணுக்கமாகக் கணக்குப் போட வசதியுள்ள நிறுவனத்தின் விகிதம் சற்று உயர்ந்திருப்பதும் இயல்பு. சிறிய கல்லூரிகள் இந்த உழைப்பே வேண்டாம் என்று, பேச்சுவார்த்தை இல்லாமல் கிடைக்கும் குறைந்தபட்ச விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். அது முன்பு 10 சதவீதம், 2024 அக்டோபரிலிருந்து 15. என்.ஐ.எச். அறிவிப்பு எடுத்துக்கொண்டதும் இதே எண்ணைத்தான். கணக்குப் போடாதவர்களுக்கான ஏற்பாட்டை, கணக்குப் போட்டவர்களுக்கும் வரம்பாக்கியது அது.

வளாகத்துக்குள்ளும் மனக்கசப்பு உண்டு. மானியம் பெற்ற பேராசிரியர் இதைத் தன் பணத்தின் மேல் விதிக்கும் வரியாகவே பார்க்கிறார். திரும்பி வரும் பணம் பொதுக் கணக்கில் கலந்துவிடுவதால் அவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. மின்கட்டணமும் தேய்மானமும் முன்பே செலவாகிவிட்டவை, வருவது அதற்கான ஈடு என்பது கணக்காளரின் விளக்கம். என் ஆய்வகத்தின் கூரை ஒழுகுகிறதே என்பது பேராசிரியரின் பதில். இதைத் தணிக்கப் பல பல்கலைக்கழகங்கள் மேல்செலவில் ஒரு பங்கைத் துறைக்கும் ஆய்வாளருக்கும் திருப்பிக் கொடுக்கின்றன. அது நல்லுறவை வளர்க்கிறது. அதே வேளையில், அவ்வளவு தேவையில்லாததால்தானே திருப்பித் தருகிறீர்கள் என்று கேட்கும் அரசியல்வாதிக்கு வாய்ப்பும் தருகிறது.

தொழில் நிறுவனங்களும் அறக்கட்டளைகளும்

தனியார் நிறுவனத்தோடு செய்யும் ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் அரசு விதி நேரடியாகப் பொருந்தாது. பல்கலைக்கழகம் தானே விகிதம் வைக்கிறது. பொதுவாகக் கூட்டாட்சி விகிதத்துக்குக் குறையாமல் கேட்பது வழக்கம். நிறுவனத்தின் லாபத்துக்குப் பொதுப்பணத்தில் கட்டிய ஆய்வகம் இலவசமாக உழைக்கக்கூடாது என்பது நியாயமான காரணம். ஆனால் அந்த நிறுவனம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றால் இவர்களும் இறங்கி வர வேண்டியிருக்கும்.

அறக்கட்டளைகள் எதிர்முனையில் நிற்கின்றன. கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவு 10 சதவீதம்வரைதான். பல அறக்கட்டளைகள் அதையும் தருவதில்லை. அவற்றின் பணத்தைப் பல்கலைக்கழகங்கள் மகிழ்ச்சியோடு வாங்குகின்றனவே, அரசிடம் மட்டும் ஏன் 60 கேட்க வேண்டும் என்று என்.ஐ.எச். 2025இல் கேட்டது. இது சாதாரணக் கேள்வி அல்ல. பல்கலைக்கழகங்களின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. அரசு விதி மறைமுகச் செலவாகத் தள்ளும் சிலவற்றை அறக்கட்டளைகள் நேரடிச் செலவாகக் காட்ட விடுகின்றன. மேலும், மொத்த ஆராய்ச்சிப் பணத்தில் அறக்கட்டளைகளின் பங்கு சிறியது. பெரிய புரவலர் நிலையான செலவைத் தாங்கினால்தான் சிறிய புரவலர் கூடுதல் செலவை மட்டும் தந்துவிட்டுப் போக முடியும். எல்லோரும் சிறிய புரவலரைப் போல் நடந்தால் கட்டடத்தை யார் கட்டுவது?

அப்படியும் பல்கலைக்கழகம் முழுச் செலவையும் மீட்பதில்லை. கூட்டாட்சித் திட்டங்களில் ஆன வசதி, நிர்வாகச் செலவில் 70 முதல் 90 சதவீதமே திரும்பி வருகிறது என்று 2000இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சிச் செலவில் இன்று ஏறத்தாழ கால் பங்கு பல்கலைக்கழகங்களின் சொந்தப் பணம். மீட்காத மறைமுகச் செலவு மட்டுமே ஆண்டுக்கு 600 கோடி டாலருக்கு மேல். இந்த இடைவெளியை நன்கொடை வருமானமும் மருத்துவமனை வருமானமும் மாணவர் கட்டணமும்தான் அடைக்கின்றன.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நேரடியாகத் தரும் மானியங்களில் என்.ஐ.எச். நீண்டகாலமாக 8 சதவீதம் மட்டுமே மறைமுகச் செலவாகத் தந்துவந்திருக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்கள் என்.ஐ.எச். பணத்தில் ஆய்வுகள் நடத்தியிருக்கின்றன. போர் முடிந்த காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு முதலில் கிடைத்ததும் இதே 8 சதவீதம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 8, எந்த நாட்டிலும் யாருடைய செலவையும் அளந்து பார்த்து வந்ததல்ல.

பிற நாடுகளின் வழி

பிரிட்டன் 2005இல் சதவீதத்தையே கைவிட்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் முழுப் பொருளாதாரச் செலவைக் கணக்கிட்டு, அதில் 80 சதவீதத்தை ஆராய்ச்சி மன்றங்கள் தருகின்றன. மறைமுகச் செலவு அங்கே ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்கு இத்தனை பவுண்டு என்று போடப்படுகிறது. விலையுயர்ந்த வேதிப்பொருள் வாங்கினால் மேல்செலவும் தானாக ஏறும் அபத்தம் அங்கே இல்லை. ஆனால் மீதி 20 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி ஓயவில்லை. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம்தான் அதை ஈடுகட்டிவருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இலிருந்து துணை ஒப்பந்தம் நீங்கலான நேரடிச் செலவின் மேல் எல்லோருக்கும் ஒரே 25 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. 22 சதவீதம் தருகிறது. ஜப்பானின் போட்டி மானியங்களில் 30 சதவீதம் வழக்கம். இந்த எண்களைக் காட்டி அமெரிக்காவில் மட்டும் ஏன் 60 என்று கேட்பவர்கள் இரண்டைக் கவனிப்பதில்லை. ஒன்று, கணக்கிடும் அடிப்படை வேறு; மேலே பார்த்த கற்பனை மானியத்தில் அமெரிக்க 60 என்பது உண்மையில் 39தான். இரண்டு, ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கட்டடத்தையும் நிரந்தர ஊழியரையும் அரசு தனி வரவு செலவில் நேரடியாகத் தாங்குகிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் அப்படியொரு பொது நிதி இல்லை. அங்கே மானியத்தோடு வரும் மேல்செலவே கட்டட நிதியாகவும் இருக்கிறது.

விமர்சனங்களில் எது நிற்கிறது

பல்கலைக்கழகங்களின் வாதத்தை முழுமையாக ஏற்றாலும் ஒரு குறை மிஞ்சும். செலவானதைக் கணக்குக் காட்டினால் பணம் வரும் என்ற ஏற்பாட்டில் சிக்கனத்துக்குப் பரிசு இல்லை. கட்டடம் கட்டினால் விகிதம் ஏறும், மின்சாரத்தைச் சேமித்தால் விகிதம் இறங்கும். பொருளியலாளர்கள் ரோஜர் நோலும் வில்லியம் ரோஜர்சனும் 1998இலேயே இதைச் சுட்டிக்காட்டி, ஒரேவிதமான பல்கலைக்கழகங்களைக் குழுவாக்கி ஒரு பொது அளவுகோலை வைக்கலாம் என்றார்கள். அளவுகோலுக்குக் கீழே செலவைக் குறைத்தால் மிச்சம் பல்கலைக்கழகத்துக்கு. கணக்கெடுக்கும் செலவும் குறையும், ஊக்கமும் பிறக்கும். ஆனால் பாஸ்டனுக்கும் ஓர் ஊரகக் கல்லூரிக்கும் ஒரே அளவுகோல் ஆகாது என்பதால், குழுக்களை எப்படிப் பிரிப்பது என்பதிலேயே சண்டை தொடங்கும்.

2025 சர்ச்சைக்குப் பின் பல்கலைக்கழக அமைப்புகள் கெல்வின் டிரோகிமையர் தலைமையில் ஒரு மாற்று முறையை முன்வைத்தன. இன்று மறைமுகம் என்று ஒளிந்திருக்கும் பல செலவுகளை அந்தந்தத் திட்டத்தின் பெயரிலேயே வெளிப்படையாகக் காட்டுவது, மிஞ்சும் பொதுச் செலவுக்கு மட்டும் ஒரு நிலையான சதவீதம் என்பது அதன் அடிப்படை. அரசோ அதே ஆண்டு ஆகஸ்டில், மற்றவை சமமாக இருந்தால் குறைந்த விகிதமுள்ள நிறுவனத்துக்கே முன்னுரிமை என்று உத்தரவிட்டது. விகிதத்தை வைத்துத் திட்டங்களைத் தரம் பிரித்தால், செலவு மிகுந்த மருத்துவ ஆய்வும் செலவு குறைந்த கணித ஆய்வும் ஒரே தராசில் ஏறும்.

என் பார்வையில் மூன்று திருத்தங்கள் அவசியம். பல்கலைக்கழகங்கள் ஒப்பந்த விகிதத்தை மட்டும் சொல்லாமல், கைக்கு வந்த சதவீதத்தையும் மீட்காத தொகையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைச் செய்யாததால்தான் 69 என்ற எண் தனியாக நின்று அடிவாங்கியது. இரண்டாவதாக, கட்டடத்துக்கான பணத்தை மானியத்தின் மேல்செலவிலிருந்து பிரித்து, தனிப் போட்டி நிதியாக அரசே தர வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் புதிய பணம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் கட்டடம் கட்டத் தூண்டும் விகிதத்தைவிட, எந்த ஊரில் ஆய்வகம் தேவை என்று வெளிப்படையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூன்றாவதாக, 26 சதவீத நிர்வாக வரம்பை வைத்திருக்கும் வரை, புதிய விதி போடும் ஒவ்வொரு துறையும் அதை நிறைவேற்ற ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே இரவில் 15 என்று வெட்டுவது இவற்றில் எதையும் செய்யாது. மேலே போட்ட கணக்கில் 1,65,000 டாலர் 41,250 ஆகும். மின்கட்டணம் அதே அளவில் இருக்கும். மீதி 1,23,750 டாலரை மாணவர் கட்டணம் தரும், அல்லது ஆராய்ச்சியே குறையும். எது நடக்க வேண்டும் என்பது அரசியல் முடிவு. அந்த முடிவை ஒரு சதவீதத்துக்குள் ஒளித்து வைக்காமல் நாடாளுமன்றத்தில் நேரடியாக எடுக்க வேண்டும்.